ரெண்டரை மணி நேரத்துல ஷார்ஜா

உக்காருங்க, உக்காருங்க. யாருப்பா அங்க பின்னாடி குசுகுசுன்னு, பேச்ச நிறுத்து. எந்திரிச்சு நிக்கிற ஆளெல்லாம் எடம் பாத்து உக்காரு. ஏன்னா இது முப்பத்தோரு வருசம் நின்னுக்கிட்டே பொழச்ச ஒரு மனுசன் உக்காந்துக்கிட்டே தவிச்ச கதை, நின்னு கேட்டா நல்லாருக்காது. புதுக்கோட்டைக்கும் ஆலங்குடிக்கும் ஓடுதே மீனலோசனி பஸ்ஸு, அதுல கண்டக்டரு சித்திரவேலு. அவரு படியில நின்னு ஒரு சவுண்டு விட்டாருன்னா அடுத்த ஸ்டாப்புல நிக்கிற சனம் பையத் தூக்கிரும். யாரு ஏறினாலும் அவங்கள மாதிரியே செஞ்சு காட்டுவாரு. மீன்காரம்மா கூடைய எறக்குறப்ப விடுற பெருமூச்சு, தலையாரி கொட்டாவி விட்டுக்கிட்டே பேசுற பேச்சு, புதுசா கல்யாணமான புள்ளைங்க ஒரே சீட்டுல தள்ளித் தள்ளி உக்காருற அழகு, ஒண்ண விடமாட்டாரு. எறங்குற எடம் வந்துருச்சான்னு எவனாச்சும் எந்திரிச்சான்னா ஒரே அதட்டு, "பேச்ச நிறுத்திட்டு உக்காரு, ஊரு வந்தா நானே சொல்றேன்!" இப்படி ஊரு சனத்தையெல்லாம் செஞ்சு காட்டுன ஆளு, அவரச் செஞ்சு காட்ட மட்டும் ஒருத்தரும் பொறக்கல. அவருக்கும் ஒரே ஒரு ஆள மட்டும் செஞ்சு காட்ட வரல. அது அவரு சம்சாரம் மாரிக்கண்ணு. சத்தம் இருந்தாத்தானே செஞ்சு காட்டுறதுக்கு. கல்யாணமான நாளா அந்தம்மா பேசுன பேச்ச எல்லாம் சேத்தா ஒரு பஸ் டிக்கெட்டுக்குப் பின்னாடி எழுதிப்புடலாம்.

இப்ப அந்த மாரிக்கண்ணு திருச்சியிலேர்ந்து ஷார்ஜா போற பிளைட்டுல சன்னலோரம். நம்ம ஆளு நடுவுல. அந்தப் பக்கம் அறந்தாங்கி நைனா முகமது, ஏசி மெக்கானிக்கு, லீவு முடிஞ்சு போறான். சன்னலோரம் நீ உக்காரு, நான் பாக்காத சன்னலான்னு பெரிய மனசு பண்ணிக் குடுத்தது வேற யாருமில்ல, கீழ பாத்தா கொடல் வாய்க்கு வந்துரும்னு பயந்த சித்திரவேலுதான். இந்தப் பயம் யாருக்கும் தெரியாது, தெரியவும் கூடாது, ஏன்னா இருபத்தஞ்சு வருசமா பஸ் ஸ்டாண்டுல அவரு சொல்லிக்கிட்டு வர்றதே தான் பம்பாய்க்கு பிளைட்டுல போயி வந்த கதைதான். போனது ரயிலு. அதுலயும் கக்கூசு பக்கத்துல ரெண்டு நாளு. ஆனா சொல்றப்ப பாருங்க, மூக்கப் புடிச்சுக்கிட்டு "அன்ப்பான ப்பயணிகளே" ன்னு ஏர் ஓஸ்டஸ் மாதிரி இடுப்ப ஒடிச்சு நிப்பாரு பாருங்க, பஸ் ஸ்டாண்டே சிரிக்கும். அந்தச் சிரிப்புல அவருக்கே கொஞ்ச நாள்ல ரயிலு மறந்து போச்சு. இப்ப இந்த நைனா முகமது வந்து உக்காந்ததும் உக்காராததுமா, "அண்ணே, நீங்க மீனலோசனி கண்டக்டர்தானே, நான் காலேஜுக்கு உங்க படியிலதான் தொங்கிட்டு வருவேன், பம்பாய் பிளைட்டு கதை சொல்லுவீங்களே" ன்னு கையப் புடிச்சுட்டான். செத்தாண்டா சித்திரவேலு. ஊரத் தாண்டி ஓடிரலாம்னு பாத்தா ஊரே டிக்கெட் எடுத்துப் பக்கத்துல உக்காந்துருக்கு. "ஆமா தம்பி, அதெல்லாம் அப்ப, அந்தக் காலத்து பிளைட்டு வேற" ன்னு சொல்லிக்கிட்டே பெல்ட்ட மாட்டப் பாக்குறாரு, அது எந்தப் பக்கம் மாட்டுறதுன்னு தெரியல. ஏர் ஓஸ்டஸ் பொண்ணு முன்னாடி நின்னு மாட்டிக் காட்டுனப்ப இவரு பாக்கல, இவ ஏன் நம்மள மாதிரி இடுப்ப ஒடிக்கலன்னு யோசிச்சுக்கிட்டு இருந்தாரு. சன்னல் பக்கத்துலேர்ந்து ஒரு கை வந்துச்சு, டக்குன்னு மாட்டி விட்டுச்சு, போயிருச்சு. மாரிக்கண்ணு சன்னலத்தான் பாத்துக்கிட்டு இருக்கா. "நானே மாட்டுவேன், டெஸ்ட் பண்ணிக்கிட்டு இருந்தேன்" னாரு.

மக திலகா ஷார்ஜாவுல இருக்கா. அவளுக்கு ஒரு பொம்பளப் புள்ள, எட்டு மாசம், இன்னும் தாத்தன் மொகம் பாக்கல. மொத தடவ டிக்கெட் போட்டப்ப இவருக்கு முதுகு புடிச்சுக்கிச்சு. ரெண்டாவது தடவ, கோயிலுக்குக் காப்புக் கட்டிட்டாங்கம்மா, காப்புக் கட்டுனா திருவிழா முடியிற வரைக்கும் ஊர விட்டு எங்கயும் தங்கக் கூடாதுல்லன்னு சாமி மேல பழியப் போட்டாரு. மூணாவது தடவ திலகா பூசாரிக்கே போனப் போட்டு, இந்த மாசம் ஒரு காப்பும் இல்லன்னு கேட்டு வச்சுக்கிட்டுத்தான் டிக்கெட்டே போட்டா. "அப்பா, இந்தத் தடவயும் வரலன்னா இனிமே கூப்பிட மாட்டேன். கோவத்துல சொல்லல. சும்மாதான் சொல்றேன்" னா. அந்த 'சும்மா' தான் குத்துச்சு. சரின்னு டிக்கெட்ட வாங்கிப் பாத்தாரு. முப்பத்தோரு வருசம் டிக்கெட் கிழிச்ச கை, டிக்கெட்டுல நேரத்தத்தான் மொதல்ல பாக்கும். காலையில பத்து மணிக்குத் திருச்சி, பன்னண்டரைக்கு ஷார்ஜா. ரெண்டரை மணி நேரம்! அட இவ்வளவுதானா! புதுக்கோட்டையிலேர்ந்து ஆலங்குடிக்கு அம்பது நிமிசம் ஒரு நடை. போ, வா, போ. மூணு நடை முடிஞ்சா ஷார்ஜா. மூணு நடைதானே, கண்ண மூடிக்கிட்டு மனசுக்குள்ளயே பஸ்ஸ ஓட்டிர வேண்டியதுதான், எறங்கிரலாம். அப்பறம் திரும்பி வர்ற டிக்கெட்டப் பாத்தாரு. ஒண்ணரைக்கு எடுத்து ஏழு மணிக்குத் திருச்சி. அஞ்சரை மணி நேரம். அது எப்படின்னு ஒரு நிமிசம் முழிச்சாரு, ஒரே நிமிசம், அப்பறம் தெளிஞ்சுட்டாரு. போறது எறக்கம், வர்றது ஏத்தம். திருச்சி மேடு, மலக்கோட்டையே இருக்குல்ல. ஷார்ஜா கடலோரம், பள்ளம். டீக்கடையில நின்னு அத்தன டிரைவருக்கும் கையால சரிவு காட்டி விளக்குனாரு. "அட, ஆமால்ல" ன்னு எல்லாரும் ஒத்துக்கிட்டான். எறக்கத்துல வண்டி எப்படிப் போகும்னு டிரைவருக்குத் தெரியாததா. வர்ற அஞ்சரை மணி நேரத்த மட்டும் மனசுல ஒரு மூலையில சாக்கு போட்டு மூடி வச்சுட்டாரு. ஷார்ஜாலேர்ந்து தொண்டிக்குக் கப்பல் ஏதும் விடுவானான்னு ரெண்டு பேருகிட்ட நைசா விசாரிச்சும் வச்சுருக்காரு.

பிளைட்டு ஓடுது. ஓடுது ஓடுது ஓடுது, என்னடா இவன் ரோட்டுலயே ஷார்ஜா போயிருவான் போலருக்குன்னு நெனைக்கிறப்ப சக்கரம் தரைய விட்டுச்சு, வயிறு மட்டும் திருச்சியிலேயே எறங்கிக்கிச்சு. ரைட், ரைட், போலாம் ரைட். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டு, எடுத்தாச்சு, மணி பத்து. கண்ண எறுக்கி மூடிக்கிட்டாரு. ரயில்வே கேட்டு, கேட்டு தொறந்துருக்கு, புண்ணியம். வலது பக்கம் கோழிப்பண்ண, எல்லாரும் மூக்கப் பொத்துறான். அடுத்தது புளியமரம், அந்தச் சிவப்புப் பை பாட்டையா ஏறுறாரு, "தம்பி, நின்னு எடு, நின்னு எடு" ன்னு அவரு நாக்கு ஒட்டிக்கிட்டுப் பேசுற மாதிரி இவரு நாக்கும் வாய்க்குள்ள ஒட்டிக்கிச்சு, தண்ணி வேணும், கேட்டா பம்பாய் குட்டு ஒடஞ்சுரும், வேணாம், திருவரங்குளம் போயிக் குடிச்சுக்கலாம். காதுக்குள்ள ஙொய்ய்ய்ங்னு ஒரு வண்டு. கியரு மாத்துறானோ. வண்டி ஏன் இப்படி ஆடாம போகுது? ஆடாத வண்டி என்ன வண்டி. மீனலோசனின்னா தடதடன்னு தகரத் தட்டுல கல்லக் கொட்டுன மாதிரி வரும், அப்பத்தான் சக்கரம் ஆறும் இருக்குன்னு ஒரு தெம்பு. இதுல ஒண்ணுமே இல்ல. கீழ ஒண்ணுமே இல்ல. நெனைக்காத, நெனைக்காத. திருவரங்குளம், திருவரங்குளம், கோயில் எறங்குறது எல்லாம் முன்னாடி வா. அந்த வடகாட்டம்மா பலாப்பழத்த சீட்டுல உக்கார வச்சுக்கிட்டு, "அது புள்ளத்தாச்சி மாதிரி, மடியில வைக்க முடியாதுய்யா" ன்னுச்சே. அன்னைக்கு பலாப்பழத்துக்கு உக்கார எடம் கெடச்சுச்சு, எனக்குக் கெடைக்கல. முப்பத்தோரு வருசத்துல ஒரு நாளு நான் உக்காந்து போனதில்ல. உக்காந்தா இவ்வளவு பயமா இருக்கும்னு இப்பத்தானே தெரியுது. சட்டப் பையில கைய விட்டாரு. விசிலு. அந்த விசிலு இல்லாம அவரு எங்கயும் போறதில்ல, திருச்சியில செக்கிங்ல அத எடுத்து மேல கீழ பாத்துட்டு, சிரிச்சுட்டுக் குடுத்தான். ஒரு விசில் அடிச்சா நிக்கும், ரெண்டு அடிச்சா போகும். நடுக்காட்டுல ஒருத்தருக்கு மயக்கம் வந்தாலும், ஒரு ஆட்டுக்குட்டி குறுக்க வந்தாலும், எவனாச்சும் கொடய விட்டுட்டேன்னு அலறினாலும், ஒரு விசில். அவ்வளவு பெரிய வண்டி அப்படியே நிக்கும். இங்க நிக்காது. நானே அடிச்சாலும் நிக்காது. நடுவுல ஒரு ஸ்டாப்பு கெடயாதுன்னு தெரிஞ்சே ஒரு வண்டியில ஏறியிருக்கோமேடா! அதாண்டா இந்தப் பயம், விழுந்துருமேன்னு இல்ல, நிக்காதேன்னு. வம்பன் நாலு ரோடு. மூச்ச விடு. ஆலங்குடி. மணியப் பாத்தாரு, பத்து அம்பது. பிசகாம வந்துட்டேன். ஒரு நடை முடிஞ்சுது.

வண்டியத் திருப்பு. ஆலங்குடி, ரைட். ரெண்டாவது நடை. இந்த நடையிலதான் எப்பவும் திலகா இருப்பா. சின்னப் புள்ளயா பள்ளிக்கூடம் முடிஞ்சு டிரைவரு பக்கத்துல இன்ஜின் பெட்டி மேல சாக்குப் போட்டு உக்காந்துருப்பா, சூடு பாவாடையத் தாண்டி ஏறும், எந்திரிக்க மாட்டா. "அப்பா, இந்த பஸ்ஸு ஆலங்குடிக்கு அப்பறம் எங்க போகும்?" "திரும்பி வரும்." "அதுக்கு மேல போகாதா?" "அதுக்கு மேல ரூட்டு இல்ல கண்ணு." ஒரு நாளு இல்ல, தெனம் கேப்பா. அதுக்கு மேல போகாதா, அதுக்கு மேல போகாதா. போயிட்டா பாத்தியா, அதுக்கு மேல ரூட்டு போட்டுக்கிட்டு தானாப் போயிட்டா. நான்தான் திரும்பி வந்து திரும்பி வந்து, கணக்குப் போட்டா பதினாலு லட்சம் கிலோமீட்டருக்கு மேல வரும், உலகத்த எத்தனை சுத்து சுத்திருக்கலாம், அத்தனையும் ஆலங்குடியிலயே சுத்தியாச்சு. திருச்சிக்கும் ஷார்ஜாவுக்கும் ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரம் கிலோமீட்டராம், நைனா சொன்னான். நம்ம இருபது கிலோமீட்டரு நடைக்கு நூத்தி நாப்பத்தஞ்சு நடை. நாளுக்கு எட்டு நடைன்னா பதினெட்டு நாளு, பத்தொம்பதாவது நாளு காலையில பேத்திய தூக்கிரலாம். அட, தரையில ரோடு மட்டும் இருந்தா மீனலோசனியிலயே வந்துருப்பேனே கண்ணு, டீசல் மட்டும் போட்டுக்கிட்டு! வம்பன்கிட்ட வர்றப்ப திடுதிப்புன்னு பிளைட்டு குலுங்குச்சு பாருங்க. டக்கு, டக்கு, தொபுக்குன்னு ஒரு எறக்கம். முன் சீட்டுல ஒரு பொம்பள "யா அல்லா" ங்குது, பின்னாடி எவனோ "முருகா" ங்குறான், நைனா முகமது தூக்கத்துலயே கைப்பிடியப் புடிக்கிறான். சித்திரவேலு கண்ணத் தொறந்தாரு. மொகம் மலந்துருச்சு. அப்பாடா, ரோடு வந்துருச்சு! அப்படியே நம்ம வம்பன் குழி. ரெண்டு காலையும் அகட்டி வச்சுக்கிட்டு, தோள லூசா விட்டு, குழிக்கு ஏத்த மாதிரி ஒடம்ப வளைச்சு என்ன ஒரு சொகம். பிளைட்டே அலறுது, நம்ம ஆளு மட்டும் பல்லக் காட்டிக்கிட்டு உக்காந்துருக்காரு. குலுக்கலு நின்னதும் மறுபடி மொகம் செத்துப் போச்சு. "என்னடா, அதுக்குள்ள தார் போட்டுட்டான்."

அப்ப அந்த ஏர் ஓஸ்டஸ் பொண்ணு ஒரு வண்டியத் தள்ளிக்கிட்டு வந்துச்சு, காப்பி, தண்ணி, என்னமோ பொட்டலம். ரெண்டு பக்கமும் முழங்காலு நீட்டிக்கிட்டு இருக்கு, ஒருத்தன் காலக் கூட இடிக்காம, ஒரு கையால தள்ளிக்கிட்டு, ஒரு கையால குடுத்துக்கிட்டு, பின் வரிசையில ஒருத்தன் மணி அடிச்சத காதுல வாங்கிக்கிட்டு. சித்திரவேலு அசந்து போயி பாத்தாரு. இருபத்தஞ்சு வருசமா இந்தப் பொண்ணத்தான் மூக்கப் புடிச்சு, இடுப்ப ஒடிச்சு செஞ்சு காட்டிக்கிட்டு இருக்கோம், ஒரு அசைவு சரியில்லயே. எல்லாரும் உக்காந்துருக்கான், இவ ஒருத்திதான் நிக்கிறா. வண்டி ஆடுறப்பயும் நிக்கிறா. எல்லாரும் பயந்தா இவ மூஞ்சியப் பாக்குறான், இவ சிரிச்சா தெம்பாயிர்றான். அட, இவதானடா இந்த வண்டிக்கு கண்டக்டரு! மூணாவது நடை அதனால கொஞ்சம் லேசாப் போச்சு. ரயில்வே கேட்டு, கோழிப்பண்ண, புளியமரம், எல்லா ஸ்டாப்புலயும் இந்தப் பொண்ணே நின்னு ஏத்தி எறக்கி விடுது, இவரு பின்னாடி ஹாய்யா சாஞ்சுக்கிட்டு வர்றாரு. பேத்தி கொழுகொழுன்னு இருப்பாளா, மொத மொதல்ல என்ன சத்தம் செஞ்சு காட்டலாம், ஆடா, காக்காயா, இல்ல பஸ் ஹாரனா, ஹாரன்னா பயந்துக்கும், ஆடுதான். திருவரங்குளம். வம்பன். இந்தா வந்தாச்சு. ஆலங்குடி, ஆலங்குடி, கடைசி ஸ்டாப்பு, எல்லாம் எறங்கு. மணியப் பாத்தாரு. பன்னண்டரை. பிசகாத பன்னண்டரை.

எறங்கல. ஒருத்தரும் பையத் தூக்கல. வண்டி எறங்குற மாதிரி காணோம், அதே ஙொய்ய்ய்ங். பன்னண்டு முப்பத்தஞ்சு. நாப்பது. டிரைவரு ஸ்டாப்ப விட்டுட்டான். தூங்கிட்டானோ? நம்ம பழைய டிரைவரு இப்படித்தான் ஒரு தடவ பேச்சு சுவாரசியத்துல திருவரங்குளத்தத் தாண்டிட்டாரு, பின்னாடி எடுத்து விட்டோம். இவன் எப்படிப் பின்னாடி எடுப்பான், பின்னாடி பாக்கக் கண்ணாடி கூட இல்லயே! எண்ணெய் ரெண்டரை மணி நேரத்துக்குத்தானே ஊத்திருப்பான், அளந்துதானே ஊத்துவான். எறக்கம் முடிஞ்சு போச்சு, இனிமே கடலு. திலகா வாசல்ல நிப்பா, புள்ளய இடுப்புல வச்சுக்கிட்டு, அப்பா இந்தத் தடவயும் வரலன்னு நெனச்சுக்குவாளே, வந்தேன் கண்ணு, ஏறிட்டேன் கண்ணு, இவன்தான் நிறுத்தல. கை தானா பைக்குள்ள போயி விசில வாய்கிட்ட கொண்டு வந்துருச்சு. இன்னும் ஒரு மூச்சு விட்டா அடிச்சுருப்பாரு. கடைசி நேரத்துல மானம் குறுக்க வந்துச்சு. நைனாவ ஒரு இடி இடிச்சாரு. "ஏன் தம்பி, பம்பாய் பிளைட்டெல்லாம் சொன்ன டயத்துக்கு எறக்கிருவான், இவன் என்ன பத்து நிமிசமா சும்மாவே ஓட்டுறான்?" அவன் கண்ணத் தொடச்சுக்கிட்டு இவரு வாட்சப் பாத்தான். "அண்ணே, இன்னும் ஒண்ணரை மணி நேரம் இருக்குண்ணே." "டிக்கெட்டுல பன்னண்டரைன்னு அச்சடிச்சுருக்கான்ப்பா!" "அது ஷார்ஜா மணிண்ணே. அவங்க நமக்கு ஒண்ணரை மணி நேரம் பின்னாடி. அங்க இப்ப பதினொண்ணுதான் ஆகுது." "அப்ப மொத்தம்?" "நாலு மணி நேரம். எப்பவும் நாலுதான்." சித்திரவேலு விசில பைக்குள்ள போட்டாரு. "வர்றப்ப?" "வர்றப்பவும் நாலு, கொஞ்சம் முன்னப் பின்ன." "ஏத்தம் எறக்கமெல்லாம்?" "என்ன ஏத்தம்ணே?"

நாலு. போறதும் நாலு, வர்றதும் நாலு. அப்ப மலக்கோட்ட? டீக்கடையில கையால சரிவு காட்டுனேனே, அத்தன டிரைவரும் வீட்டுல போயி பொண்டாட்டி புள்ளைங்களுக்குச் சொல்லிருப்பானே! அடேய் சித்திரவேலு. ரெண்டரைன்னுதானே ஏறுன? ரெண்டரை ஓடியாச்சா? ஓடியாச்சு. செத்தியா? இல்ல. ஒண்ணரை மிச்சம், அது ரெண்டு நடை கூட இல்ல, பொடிநட. வர்றப்ப அஞ்சரைன்னு சாக்கு போட்டு மூடி வச்சியே, அதத் தூக்கிப் பாரு, அதுவும் நாலுதான், ஒண்ணரை மணி நேரம் உனக்கு லாபம்! தொண்டிக் கப்பல கேன்சல் பண்ணு! அடிவயித்துலேர்ந்து ஒரு சிரிப்பு வந்துச்சு பாருங்க, பெல்ட்டு தாங்கல, தானா கழட்டுனாரு, இப்ப எப்படிக் கழட்டுறதுன்னு கைக்கே தெரிஞ்சு போச்சு. எந்திரிச்சாரு. நைனாவத் தாண்டி நடுவழியில போயி நின்னாரு. ஆஹா, நின்னா ஒரு பயமும் இல்ல, உக்காந்ததுதான் தப்பு. "அதாவது தம்பி, நாம மணியவே ஒண்ணரை மணி நேரம் பின்னாடி தள்ளிட்டோம். எனக்கு வயசு ஒண்ணரை மணி நேரம் கொறஞ்சு போச்சு. பம்பாய் போறப்ப இந்த வசதியெல்லாம் கெடயாது. அப்ப இந்த மாதிரிதான் ஒரு பொண்ணு வந்துச்சு, அன்ப்பான ப்பயணிகளே..." மூக்கப் புடிச்சு, இடுப்ப ஒடிச்சு, முன் வரிசை பின் வரிசையெல்லாம் திரும்பிப் பாத்து சிரிக்குது. நெசமான ஏர் ஓஸ்டஸே வந்து வாயப் பொத்திக்கிட்டு, "சார், ப்ளீஸ், சீட்ல உக்காருங்க" ங்குது. "நானும் கண்டக்டருதாம்மா, ஒரு நிமிசம்" னுட்டு நம்ம ஆளு அங்கேர்ந்தே சன்னல் பக்கம் சவுண்டு விட்டாரு. "ஏன் மாரிக்கண்ணு, நாலு மணி நேரம்னு உனக்குத் தெரியுமா?" மாரிக்கண்ணு மேகத்தப் பாத்துக்கிட்டே தலைய ஆட்டுனா. "எப்பலேர்ந்து?" "டிக்கெட்டு வந்த அன்னைக்கே. திலகா சொன்னா." "ஏன் எங்கிட்ட சொல்லல? பிளைட்டப் பத்தி எங்கிட்ட சொல்லாம வேற யாருகிட்ட சொல்லுவ? பம்பாய்க்கே போயி வந்தவன் நானு, எனக்கே நேரத்த மறைச்சுட்டா பாத்தீங்களா, கேளுங்க எல்லாரும், இந்தப் பொம்பள..."

மாரிக்கண்ணு திரும்புனா. எதுத்த சீட்டு முதுகுல உள்ளங்கையால டப்பு டப்புன்னு ரெண்டு தட்டு தட்டுனா. அப்பறம் தொண்டையக் கனச்சுக்கிட்டு, அடிவயித்துலேர்ந்து, அச்சு அசலா மீனலோசனி கண்டக்டரு கொரல்ல, பிளைட்டு பூரா கேக்குற மாதிரி ஒரு சவுண்டு விட்டா: "பம்பாய்க்கு ரயில்ல போன ஆளெல்லாம் பேச்ச நிறுத்திட்டு உக்காரு, ஊரு வந்தா நானே சொல்றேன்!"